உயிரோடு இருக்கும்போதே ஊருக்குக் கொடுங்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு தம்பி கேட்டார்: "என் எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம்னு விட்டுட்டா, எனக்கு என்னய்யா மிச்சம்?" நியாயமான கேள்வி. எழுதிப் பிழைக்கிறவன் கேட்கத்தான் வேண்டும். அவருக்குப் பதில் சொல்லப் பாரதியிடமிருந்து தொடங்குகிறேன்.

1920இல் கடையத்திலிருந்து பாரதி தம் நண்பர்களுக்கு ஒரு சுற்றுக் கடிதம் அனுப்பினார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் போட வேண்டும், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் படிகள் அச்சாக வேண்டும், மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கனவு. அதற்காகக் கடன் கேட்டு எழுதிய கடிதம் அது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் போய்விட்டார்.

அதன்பின் அந்தப் பாட்டுகளின் உரிமை கை மாறிக்கொண்டே இருந்தது. அச்சிடும் உரிமை ஒரு பக்கம், இசைத்தட்டு உரிமை இன்னொரு பக்கம். இசைத்தட்டு உரிமை ஒரு வணிகரிடம் போய், அவரிடமிருந்து ஏவி.மெய்யப்பன் வாங்கினார். 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது தகராறு நீதிமன்றம் வரை போனது. சட்டப்படி மெய்யப்பன் பக்கம் தவறு இல்லை. பணம் கொடுத்து வாங்கியவர் அவர். ஆனால் பாரதி பாட்டைப் பாட இன்னொருவர் அனுமதி வேண்டுமா என்று தமிழ்நாடே கொதித்தது. 1949இல் அன்றைய முதல்வர் ஓமந்தூராரின் அரசு உரிமைகளை வாங்கியது. செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் பணம் கொடுத்தார்கள். மெய்யப்பன் ஒரு காசு வாங்காமல் தம் உரிமையைக் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையை நாம் அடிக்கடி சொல்வதில்லை, சொல்ல வேண்டும். சில ஆண்டுகளில் அரசும் பாடல்களை மக்களுக்கே விட்டுவிட்டது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைய சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. அப்படியென்றால் பாரதி 1971 முடியும்வரை பூட்டுக்குள் இருந்திருப்பார். 'கப்பலோட்டிய தமிழன்' வந்தது 1961இல். ஜி.ராமநாதன் அந்தப் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டபோது யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. மெட்டுப் போட்டவரும் படைப்பாளிதான், பாடியவரும் படைப்பாளிதான். ஒரு கவிஞனின் பாட்டு அவிழ்ந்ததால் எத்தனை கலைஞர்களுக்கு வேலை கிடைத்தது, பாருங்கள்!

ஆனால் இதில் எனக்குத் தீராத ஒரு வருத்தம் உண்டு. தீப்பெட்டி போலப் பரவ வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர் அதைக் கண்ணால் காணவில்லை. கல்கிக்கும் அதே கதை. 1954இல் மறைந்தார். அவர் நூல்கள் நாட்டுடைமையானது, அதாவது அரசு உரிமையை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கியது, தொண்ணூறுகளின் கடைசியில். 'பொன்னியின் செல்வன்' இன்று மலிவுப் பதிப்பாகவும் கிடைக்கிறது, படங்களோடு கெட்டி அட்டையிலும் கிடைக்கிறது, ஒலி நூலாகவும் கிடைக்கிறது. நாட்டுடைமை நல்ல திட்டம், குடும்பத்துக்குப் பரிவுத்தொகையும் வருகிறது. ஆனால் பெரும்பாலும் அது மாலை போட்ட படத்துக்கு வரும் மரியாதை. நான் கேட்பது வேறு. நாம் உயிரோடு இருக்கும்போதே, நம் கையாலேயே, நம் படைப்பில் சிலவற்றை ஊருக்குக் கொடுத்தால் என்ன?

கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் நீனா பேலி என்ற பெண், ராமாயணத்தைச் சீதையின் பக்கம் நின்று ஓர் அனிமேஷன் படமாக எடுத்தார், 2008இல். தம் கணினியில் தாமே வரைந்த படம். அதில் ஆனட் ஹேன்ஷா 1920களில் பாடிய பழைய பாட்டுகளைச் சேர்த்திருந்தார். எழுதியவர்கள் காலமாகியும் அந்தப் பாட்டுகளுக்கு உரிமை கொண்டாடியவை பெரிய நிறுவனங்கள். பேரம் பேசிக் கடைசியில் 50,000 டாலர் தர வேண்டியதாயிற்று. பழைய பாட்டின் பூட்டைத் திறக்கவே இவ்வளவு என்றால், தம் படத்துக்கும் அதே பூட்டைப் போட அவருக்கு மனம் வரவில்லை. யாரும் பார்க்கலாம், படியெடுக்கலாம், திரையிடலாம் என்று இணையத்தில் விட்டார். 2013இல் மிச்சமிருந்த நிபந்தனையையும் நீக்கிப் பொதுவுடைமை ஆக்கிவிட்டார். பார்த்தவர்கள் தாமாகவே நன்கொடை அனுப்பினார்கள், குறுந்தட்டு வாங்கினார்கள், திரையரங்குகளும் படத்தைப் போட்டன. விளம்பரத்துக்கு வழியில்லாத ஒரு படத்தை ரசிகர்களே சுமந்தார்கள்.

என் அனுபவம் சின்னது, ஆனாலும் சொல்கிறேன். நான் குழந்தைப் பாட்டு எழுதுகிறவன். முதல் தொகுப்பு 500 படி அச்சானது. முன்னூறுக்கு மேல் கட்டுப் பிரிக்காமல் என் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தது. பதிப்பித்தவர் கணக்கும் காட்டவில்லை. உரிமை முழுக்க என்னிடம்தான் இருந்தது, பாடத்தான் ஒரு பிள்ளை இல்லை.

பிறகு முப்பது பாட்டையும் இணையத்தில் போட்டு, கீழே ஒரே வரி எழுதினேன்: 'யாரும் பாடலாம், அச்சிடலாம், மாற்றலாம், என்னைக் கேட்க வேண்டாம்.' நாலைந்து மாதம் கழித்து, மலைக் கிராமத்து அங்கன்வாடி டீச்சர் ஒருவர் எடுத்த வீடியோ யார் யார் வழியாகவோ என் போனுக்கு வந்தது. நான் எழுதியது, "மதுரை ரயிலு வருது பார், மஞ்சப்பையைத் தூக்கிக்கோ." பிள்ளைகள் பாடியது, "மலையேறி பஸ்ஸு வருது பார்." முதலில் சுருக்கென்றது. அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பிள்ளைகள் ரயிலைப் பார்த்ததே இல்லை. காலை எட்டு மணிக்கும் மாலையிலும் வரும் ஒரே பஸ்தான் அவர்களுக்கு உலகம். என் பாட்டு அந்த ஊர்ப் பாட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு பள்ளிகளில் கூப்பிட்டார்கள், வழிச்செலவும் சன்மானமும் கொடுத்தார்கள். இரண்டாவது தொகுப்புக்கு வேறொரு பதிப்பாளர் தாமாக வந்தார். கட்டிலுக்கடியில் இருந்த கட்டுகளும் காலியாயின. இலவசமாகக் கேட்டவர்கள்தான் விலை கொடுத்து வாங்கினார்கள்.

எல்லாவற்றையும் கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் அடுப்பெரிய வைக்கும் நாவலை வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, ஆகவே வீட்டிலும் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கொடுங்கள். வழி எளிது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆசிரியர் தம் உரிமையைத் தாமே விட்டுக்கொடுக்க இடம் தருகிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பொது அறிவிப்பே போதும். பெயர் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு 57ஆம் பிரிவு இருக்கிறது. 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லும் உரிமை அதில் தனியாக நிற்கிறது.

தம்பி, நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஆங்... என் புத்தகத்தின் புதிய பதிப்பு இதோ. பன்னிரண்டாம் பக்கத்தில் என் ரயிலும் இருக்கிறது, டீச்சரிடம் கேட்டு அதற்குக் கீழேயே அவருடைய பஸ்ஸையும் அச்சிட்டிருக்கிறேன். நான் முதல் வரியைச் சொல்கிறேன், எல்லோரும் சேர்ந்து பாடுவோம்: "மலையேறி பஸ்ஸு வருது பார்..."