சில நாள் ஆன் ஆகிறது, சில நாள் ஆவதில்லை: என் பழைய மடிக்கணினியின் கோளாறைத் தேடிய கதை

வணக்கம். மேசையில் நீங்கள் பார்க்கும் இந்த மடிக்கணினி 2014ஆம் ஆண்டு, நான் கல்லூரி இறுதியாண்டில் இருந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது. என்னுடைய முதல் வேலைக்கான விண்ணப்பம் முதல் இந்தச் சேனலின் முதல் ஐம்பது காணொளிகள் வரை அனைத்தும் இதில்தான் உருவாயின. அதனால், சென்ற மழைக்காலத்தில் இது அடிக்கடி ஆன் ஆகாமல் போகத் தொடங்கியபோது, புதியது வாங்கிவிடலாம் என்று எல்லோரும் சொன்னாலும் எனக்கு மனம் வரவில்லை.

கோளாறு இப்படித்தான் இருந்தது. காலையில் பவர் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுழலத் தொடங்கும், இரண்டு நொடிக்குள் எல்லாம் அணைந்துவிடும். நான்கைந்து முறை அழுத்தினாலும் அதே கதைதான். அரை மணி நேரம் கழித்து வந்து அழுத்தினால், ஒன்றுமே நடக்காததுபோல விண்டோஸ் வந்து நிற்கும். முழுவதுமாகப் பழுதான கருவியைவிட, இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறுதான் கடினமானது. ஏனென்றால், சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போய் வைத்ததும் அது ஒழுங்காக வேலை செய்யும், பழுது பார்ப்பவரும் நம்மை வினோதமாகப் பார்ப்பார்.

எதையும் கழற்றுவதற்கு முன், அது ஆன் ஆன ஒரு நாளில், படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து முடித்தேன். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, ஆன் ஆகவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரம் வரும் பாதையில் கோளாறு. விளக்கும் விசிறியும் தொடர்ந்து ஓடியும் திரை கறுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் ரேம் எனும் தற்காலிக நினைவகம் அல்லது திரை சார்ந்த கோளாறு. அப்போது இருட்டில் திரையின் மீது டார்ச் அடித்துப் பாருங்கள், மங்கலாக எழுத்துத் தெரிந்தால் திரைக்கு வெளிச்சம் தரும் பின்னொளிதான் போயிருக்கிறது. நிறுவனத்தின் சின்னம் வரை வந்து நின்றால் ஹார்ட் டிஸ்க்கையோ விண்டோஸையோ சந்தேகிக்கலாம். என்னுடையது இந்த மூன்றிலும் சேராமல், மின்சாரம் வந்து உடனே போவதாக இருந்தது. அந்தக் குறிப்பை நான் அப்போதே போதுமான அளவு மதித்திருந்தால் பத்து நாட்கள் மிச்சமாகியிருக்கும்.

ஏன் மதிக்கவில்லை என்றால், அடாப்டரை முதல் நாளே சோதித்துவிட்டதாக நினைத்தேன். அதன் மீது 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது; அதாவது 65 வாட். முனையில் மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தபோது 19.6 காட்டியது. அடாப்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி மற்றவற்றுக்குப் போய்விட்டேன். ரேமைக் கழற்றி, அதன் தங்கநிற முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டினேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டும் ஒரு பிழைகூட வரவில்லை. ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதான பகுதிகளைக் காட்டும் 5, 197 ஆகிய இரண்டு எண்களும் பூஜ்யமாகவே இருந்தன. கணினியின் கடிகாரத்தையும் அடிப்படை அமைப்புகளையும் காக்கும், நாணயம் போன்ற சிறிய சிமாஸ் பேட்டரியிலும் 2.9 வோல்ட் இருந்தது. கடைசியாகப் பெரிய பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் முயன்றபோது, பகலிலும்கூட ஒருமுறையும் ஆன் ஆகவில்லை. ஒரு கடையில் இதைச் சொன்னதும், மதர்போர்டு போய்விட்டது, மாற்றினால் புதிய கணினியின் பாதி விலை ஆகும் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் நேரம், அடாப்டர் எவ்வளவு நேரமாகச் சொருகியிருந்தது, ஆன் ஆனதா இல்லையா என்ற மூன்றையும் எழுதத் தொடங்கினேன். இரண்டு வாரக் குறிப்புகளில் ஒரேயொரு காலை மட்டும் முதல் அழுத்திலேயே ஆன் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய இரவு நான் சுவிட்சை அணைக்க மறந்து, அடாப்டர் விடியும்வரை சொருகியே இருந்திருக்கிறது. மழைக்குளிரும் ஈரமும்தான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த இரவும் நல்ல மழை.

அதே வாரத்தில் இந்தக் காணொளிக்காகப் படம்பிடித்ததைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, காட்சியின் ஓரத்தில் தரையில் கிடந்த அடாப்டரைக் கவனித்தேன். இப்போது மெதுவாக ஓட்டிக் காட்டுகிறேன், வலது கீழ் மூலையைப் பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் கணினி அணைகிறது; அதே கணத்தில் அடாப்டரின் பச்சை விளக்கும் ஒருமுறை அணைந்து எரிகிறது.

இதன் பொருள் இதுதான். சும்மா இருக்கும்போது 19.6 வோல்ட் காட்டும் அடாப்டரால், சுமை ஏறும்போது அந்த மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. கணினி கிளம்பும் முதல் சில நொடிகளில் விசிறி வேகமாகச் சுழல்கிறது, ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார் ஓய்விலிருந்து புறப்படுகிறது, செயலியும் விழிக்கிறது; இவற்றோடு காலியான பேட்டரியும் சார்ஜ் கேட்கிறது. அடாப்டருக்குள் மின்னூட்டத்தைச் சேமித்து மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் மின்தேக்கிகளில் உள்ள திரவம் ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் மெல்ல வற்றிவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. நானோ அதைப் பல ஆண்டுகள் மெத்தையின் மீதே போட்டு வைத்திருந்தேன். பேட்டரியில் சிறிதளவு சார்ஜ் ஏறிய பிறகு அந்தக் குறையைப் பேட்டரி ஈடுகட்டியது. அதனால்தான் அரை மணி நேரத்திற்குப் பின் ஆன் ஆனது, பேட்டரியைக் கழற்றியதும் ஆகவே இல்லை. பேட்டரியும் கிழடு என்பதால் ஓர் இரவுக்குள் காலியாகிவிடும், காலையில் மறுபடியும் அதே நிலை.

நண்பரிடமிருந்து அதே அளவுள்ள அடாப்டரை ஒரு நாள் வாங்கிவந்து, பேட்டரி இல்லாமலே பதினைந்து முறை ஆன் செய்தேன். பதினைந்து முறையும் ஆன் ஆனது. இரவல் அடாப்டர் கிடைத்தால் இந்தச் சோதனையையே முதலில் செய்யுங்கள், மல்டிமீட்டரைவிட அது நம்பகமானது.

புதிய அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. சில மாடல்களில் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அடாப்டர் தன்னைக் கணினிக்கு அடையாளம் காட்டுவது அதன் வழியாகத்தான் என்பதால், வடிவம் ஓரளவு பொருந்துகிறது என்று வாங்கிவிடாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். வழங்கும் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அடாப்டரைப் பிரித்து மின்தேக்கியை மாற்றலாமே என்று சிலர் கேட்பீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னோட்டமாக மாறும்போது 325 வோல்ட் வரை உயர்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் உள்ளே தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம்.

புதிய அடாப்டர் வந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. நோட்டில் அதன் பிறகு ஆகவில்லை என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லை. பேட்டரியைக் கழற்றித் தட்டையான மேசையில் வைத்துப் பார்த்தேன், உப்பியிருக்கவில்லை; ஆனாலும் அடுத்த மாதம் அதையும் மாற்றப் போகிறேன்.