மோர் கொடுத்தவன் கால்

பங்குத்தந்தை அவர்களே, பெரியம்மாமார்களே, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு நாம் போடுகிற மோர்ப் பந்தலின் காலுக்குக் காலையிலிருந்து குழி தோண்டிவிட்டு மண்ணும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் இந்த ஊர்ப் பெண். ஏழு வருஷமாக இங்கிலாந்தில் நர்ஸ் வேலை. அங்கே ஒரு மாதா கோவிலுக்கு நடந்தே போய் வந்தேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்த மைக் என் கைக்கு வந்திருக்கிறது. சரி, சொல்கிறேன். ஆனால் நான் நடந்த கதையைவிட, அந்த வழியில் எனக்குக் கிடைக்காமல் போனதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

அந்த ஊருக்கு வால்சிங்கம் என்று பெயர். நார்ஃபோக் பகுதியில் இருக்கிற சின்ன கிராமம். 1061இல் ரிச்செல்டிஸ் என்ற சீமாட்டிக்கு மாதா காட்சி கொடுத்து, நாசரேத்தில் தான் வாழ்ந்த வீட்டைக் காட்டி, அதேபோல் இங்கே ஒன்று கட்டு என்று சொன்னதாக அவர்கள் மரபு. ராஜாக்களே தேடிப் போன தலம். எட்டாம் ஹென்றியும் இளவயதில் அங்கே யாத்திரை போனவர்தான். அவருடைய ஆட்சியிலேயே 1538இல் அதை மூடி இடித்தார்கள். மாதா சுரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். ஊருக்கு ஒரு மைல் முன்னால் இருந்த சிற்றாலயம் ஒன்று தப்பியது. அதற்குப் பெயரே செருப்பு ஆலயம். யாத்திரிகர்கள் செருப்பை அங்கே கழற்றிவிட்டுக் கடைசி மைலை வெறுங்காலோடு நடப்பார்களாம். அந்த இடம் பிறகு மாட்டுத்தொழுவமாகக்கூடக் கிடந்தது. சார்லட் பாய்ட் என்ற அம்மையார் அதை விலைக்கு வாங்கி மீட்டார். 1934இல் ஆயிரக்கணக்கானவர்கள் மறுபடி அங்கே திரண்டார்கள். அடுப்பு அணைந்து கிடந்தது ஏறக்குறைய நானூறு வருஷம்!

நான் ஈலி என்ற ஊரிலிருந்து புறப்பட்டேன். நான்கு நாள், சுமார் 90 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து நம் வேளாங்கண்ணிக்கு ஆகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈலியைச் சுற்றியுள்ள பூமியும் நம் பூமி மாதிரியே தட்டை. முன்பு சதுப்பு நிலம். 17ஆம் நூற்றாண்டில் பெரிய பெரிய வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து வயலாக்கினார்கள். கரை மேடு, வயல் பள்ளம். கரைமேல் ஏறி நடந்ததும் வெண்ணாற்றங்கரை ஞாபகம் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் ஒரு பனைமரம் இல்லை, ஒரு டீக்கடை இல்லை, வயலில் ஓர் ஆள் இல்லை. "மரியே வாழ்க" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். பதில் சொல்ல யாரும் இல்லை.

இரண்டாம் நாள் மதியம் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. குதிகாலில் கொப்புளம். ஒரு வீட்டு வாசலில் வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் கேட்க வேண்டியதே இல்லையே, டம்ளரைக் கையில் திணித்துவிடுவீர்கள். நான் நொண்டுவதை அவரே பார்த்துவிட்டு நாற்காலி போட்டார். வெந்நீரில் உப்புப் போட்டுப் பேசினில் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். நீல நிற எனாமல் பேசின், விளிம்பில் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. இன்னும் கண்ணில் நிற்கிறது. கிளம்பும்போது ஒரு பவுண்டு காசைக் கொடுத்து, "நான் கோவிலுக்குப் போகிறவள் இல்லை, என் பேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடு" என்றார். வேளாங்கண்ணி வழியில் கீழ்வேளூரிலும் சிக்கலிலும் காவி கட்டி நடக்கிறவர்களிடம் பத்து ரூபாயை நீட்டி எத்தனை பேர் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள்! நான்கு நாளில் எனக்குக் கிடைத்த பந்தல் அந்த ஒரே பேசின்தான்.

கடைசி மைலில் நானும் செருப்பைக் கழற்றினேன். ஏப்ரல் குளிர், பழைய ரயில் பாதையில் போட்ட நடைவழி. சில்லிப்பில் கால் மரத்துப்போனது. அப்போதுதான் வேளாங்கண்ணி நடுத்திட்டுப் பையன் நினைவுக்கு வந்தான்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. நடக்க முடியாத பையன், மரத்தடியில் மோர் விற்கிறான். கைக்குழந்தையோடு வந்த தாய் மோர் கேட்கிறாள், கொடுக்கிறான். நாகப்பட்டினத்துக்குப் போய்ச் செய்தி சொல் என்கிறாள். எழுந்து ஓடுகிறான். அதற்கு முன்னால் குளத்தங்கரையில் பால்காரப் பையனிடமும் குழந்தைக்குப் பால் கேட்டுத்தான் வாங்கினாள். யோசித்துப் பாருங்கள். வேளாங்கண்ணிப் பாதையில் மாதாவுக்காக முதலில் நடந்த கால் மோர் கொடுத்தவனுடைய கால். கொடுத்தது முதலில், நடந்தது அப்புறம்.

இந்த வருஷம் பந்தல் வேண்டாம், பாட்டில் தண்ணீர்தான் எங்கும் கிடைக்கிறதே என்று ஒரு பேச்சு ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பந்தலுக்கு அரிசி கொடுப்பவர்களில் பாதிப் பேர் இந்துக்கள், விறகு பாய் வீட்டிலிருந்து வருகிறது. அவர்களே விடாதபோது நாம் விடலாமா?

நர்ஸ் என்ற முறையில் சில விஷயம். மோரில் உப்பு தாராளமாக இருக்கட்டும், வேர்த்து வருகிறவர்களுக்கு அது வேண்டும். கொப்புளத்தின் மேல்தோலைப் பிய்க்க விடாதீர்கள். கழுவிச் சுத்தத் துணியால் கட்டி அனுப்புங்கள். வெயிலுக்குப் பயந்து பலர் இரவில்தான் நடக்கிறார்கள், அதனால் விடியற்காலை இரண்டு மணிக்கும் பந்தலில் ஆள் இருக்க வேண்டும். அவர்கள் இழுத்துவரும் சப்பரத்தின் பின்பக்கம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியட்டும். பெண்களுக்குக் கழிப்பறை பெரிய கஷ்டம். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு இரவெல்லாம் திறந்திருக்கும். ரோட்டோரத்தில் இருக்கிற மற்ற வீட்டுக்காரர்களும் மனது வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். நாளை மறுநாளே சென்னையிலிருந்து நடந்து வருகிறவர்கள் நம் ஊரைத் தொட்டுவிடுவார்கள். நாளைச் சாயங்காலம் பால் வந்துவிடும்; பெரிய அண்டாக்களை இப்போதே விளக்கிக் கவிழ்த்து வைத்தால்தான் உறை ஊற்ற முடியும். யார் யார் வருகிறீர்கள்?