ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு ஒரு சராசரி போதுமா?

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பேசுகிறேன். ஒலிவாங்கியில் கேட்கும் இரைச்சலுக்குக் காரணம் பின்னால் தெரியும் காற்றாலைகள் அல்ல, காற்றேதான்.

ஓரிடத்தின் வளத்தை மதிப்பிட ஆண்டுச் சராசரி வேகம் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடுவதால், அந்த ஓர் எண் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். ஆண்டு முழுவதும் நொடிக்கு 6 மீட்டர் வீசும் இடத்தின் ஆற்றலை 216 பங்கு என்று கொள்வோம். பாதி நாள் 3 மீட்டரும் பாதி நாள் 9 மீட்டருமாக வீசும் இடத்திலும் சராசரி அதே 6 மீட்டர்தான். ஆற்றலோ 27-க்கும் 729-க்கும் சராசரியான 378 பங்கு. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்கிற இந்தக் கணவாய் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அளவைக் கம்பத்தை உற்றுப் பாருங்கள். வெவ்வேறு உயரங்களில், காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணமானிகள் சுழல்கின்றன. ஒரே உயரத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இருப்பது வீண்செலவு அல்ல. கம்பமே காற்றை மறைப்பதால், மறைவில் சிக்கிய கருவி குறைத்துக் காட்டும்போது மற்றதன் அளவு கைகொடுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று குறைந்தது ஓராண்டாவது அளக்காமல் வரைபடத்தை மட்டும் நம்பி நிலம் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். உயரமும் கணக்கை மாற்றும்: பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் மதிப்பீட்டில், தமிழ்நாட்டின் வளம் 100 மீட்டர் உயரத்தில் சுமார் 34 ஜிகாவாட், 120 மீட்டரிலோ சுமார் 69 ஜிகாவாட்.

சூரிய ஒளிக்கு வருவோம். சூரிய மின்தகட்டின் திறனை 25 டிகிரி செல்சியஸில் சோதித்துத்தான் குறிக்கிறார்கள்; நம் சித்திரை வெயிலில் தகடு 60 டிகிரியைத் தாண்டும். டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு வீதம் இழந்தால் 14 விழுக்காடு போய்விடும். வெயில் அதிகம், ஆகவே விளைச்சலும் அதிகம் என்று விற்பனையாளர்கள் சொல்வதை இந்தக் கழிவோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

காற்று ஓயும் மாதங்களில் துணைமின் நிலையம் வரை இழுத்த மின்தடம் பெரும்பாலும் சும்மா கிடப்பதால், அதே நிலத்தில் தகடுகளையும் பதிக்கலாம் என்ற யோசனை நல்லதே. ஆனால் ஆடி மாத நண்பகலில் இரண்டும் சேர்ந்து உற்பத்தி செய்யும் வேளைகளில் அந்தத் தடம் தாங்குமா என்பதை, ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டால்தான் அறிய முடியும்.