தியாகராய நகருக்கு அடியில் ஓர் ஏரி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் சொந்தமோ பழக்கமோ இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் அரிது. கலியாணக் கூறை எடுக்கப் போகிறோம், கண் வைத்தியத்துக்குப் போகிறோம், இப்போது பலாலியிலேயே விமானம் ஏறுகிறோம். உறவும் இன்று நேற்று வந்ததல்ல. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே நம்மவர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை. ஆனால் கடைத்தெருவையும் ஆஸ்பத்திரியையும் கண்டு திரும்பும் நாம், சென்னை மாவட்டம் தண்ணீருக்கு என்ன செய்து உயிர்வாழ்கிறது என்று பார்ப்பதில்லை. நான் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது சென்னை மாவட்டத்தின் பரப்பு 174 சதுர கிலோமீற்றர். அதில் வாழ்ந்தவர்கள் 46 இலட்சத்துக்கும் மேல். நமது மாவட்டம் ஏறத்தாழ 1,025 சதுர கிலோமீற்றர். 2012இல் இங்கு இருந்தவர்கள் 5,83,000 அளவினர். நமது நிலத்தில் ஆறில் ஒரு பங்கு, நம்மைப்போல் எட்டு மடங்கு சனம்! 2018இல் மாநகராட்சியின் எல்லை வரைக்கும் மாவட்டம் விரிவாக்கப்பட்டு, இன்று 426 சதுர கிலோமீற்றராக இருக்கிறது. வடக்கே எண்ணூர், தெற்கே உத்தண்டி, கிழக்கே வங்கக்கடல். ஊர்ப்புறம் என்று பிரித்துச் சொல்ல ஒரு கிராமமும் இல்லாத, முழுக்க முழுக்க நகரமான மாவட்டம் அது.

இத்தனை பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நமக்குப் பெய்யும் அதே மாரிதான் அவர்களுக்கும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனால், அடுத்த மாரி வரை அதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். கூவம், அடையாறு என்று ஆறுகள் ஓடினாலும் நகரம் அவற்றின் நீரைக் குடிக்க முடியாதபடி கெடுத்துவிட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளையே நகரம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி நகரம் மூழ்கியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றர் அளவுக்கு மழை. நாலே வருடத்தில், 2019 கோடையில், அந்த நான்கு ஏரிகளும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. மூழ்கிய ஊரே தாகத்தாலும் தவித்தது.

இரண்டுக்கும் வேர் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். நாம் சேலை எடுக்கும் தியாகராய நகர், 1920களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து எழுப்பிய குடியிருப்பு. வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரியின் தரையில் நிற்கிறது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைக் கட்டடங்களும் குப்பைமேடும் கடித்துக் கடித்துச் சிறுக்கவைத்துவிட்டன. எஞ்சிய பகுதி 2022இல், உலகளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.  வெள்ளத்தைத் தாங்கி வைத்து, கோடைக்கு நிலத்தடியில் இறக்கிக் கொடுத்த இடங்கள் இவை. அவற்றை மூடியபின் மழைநீர் வீட்டுக்குள் வராமல் வேறு எங்கே போகும்?

இன்னொன்றை நம் விவசாயிகள் கவனித்துக் கேட்க வேண்டும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தார்கள். கடல்நீர் உள்ளே ஏறி, கிணறுகள் உவரானது. பிறகு அதே பக்கத்தில், 2010இல், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நிலம் இலவசமாகத் தந்த நன்னீரை இழந்துவிட்டு, மின்சாரம் செலவழித்துக் கடலிடம் வாங்கும் நிலை. நம்மிடமும் தாளையடியில் 2024இல் அப்படியொரு நிலையம் திறக்கப்பட்டிருக்கிறது. அது தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்டு முழுக்க ஓடும் ஆறில்லாத நமக்குச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே சொத்து. துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. இயந்திரம் வந்தபின் அந்த அவகாசம் போய்விட்டது. நன்னீர் குறையக் குறைய அடியிலிருக்கும் உவர்நீர் மேலே வரும்.

சென்னையிடம் நல்லதையும் கற்கலாம். 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கூரைநீரைக் குழாயால் இறக்கிக் கிணற்றருகே மணலும் சல்லியும் நிரப்பிய குழிக்குள் விடுவது பெரிய செலவுள்ள வேலை அல்ல. நமது பிரதேச சபைகள் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே இதைக் கேட்கலாம். ஊர்க் குளங்களின் எல்லையை அளந்து, கல் நட்டு, வரைபடத்தைச் சபை வாசலில் ஒட்டலாம். அடுத்த மாரிக்கு முன் உங்கள் வட்டார உறுப்பினரைக் கண்டு, எங்கள் குளத்தின் எல்லை எது என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.