கோபுலுவின் கோடும் ஆவணப்படமும்

நேயர்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் ஒரு பைண்டு புத்தகம் இருந்தது. 1950களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ கதையை வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்திருந்தார் பாட்டி. கொத்தமங்கலம் சுப்புவின் கதைக்காகச் சேர்த்த தாள்கள்தாம் என்றாலும், அவற்றின் பின்பக்கத்து நகைச்சுவைப் படங்களும் கூடவே தங்கிவிட்டன. பைண்டு போட்டவரின் கத்தியில் பாதி போனவையும் உண்டு. ஓவியர் கோபுலுவின் கையெழுத்தை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

தஞ்சாவூரில் 1924ஆம் ஆண்டு பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் பயின்று, மூத்த கேலிச்சித்திரக்காரர் மாலியின் அரவணைப்பில் விகடனில் வளர்ந்து, 2015இல் மறைந்த அக்கலைஞரை, இன்று காட்பாடியிலும் ஆற்காட்டிலும் கைப்பேசியில் மீம் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க ஆவணப்படத்தைவிட நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அரசியல் கேலிச்சித்திரத்துக்கு அன்றைய செய்தியை விளக்கியாக வேண்டும். கோபுலு வரைந்த சொல்லில்லாத நகைச்சுவைகளுக்கு அந்தத் தேவையே இல்லை. அவை திரையில் சற்று நேரம் அசையாமல் நின்றால் போதும்.

அந்தச் சற்று நேரத்தைத்தான் படமெடுப்பவர்கள் பலர் தர மறுக்கிறார்கள். பிரமுகர்கள் நாற்காலியில் அமர்ந்து புகழ்ந்துகொண்டே இருக்க, படங்கள் இரண்டிரண்டு நொடிகள் வந்து மறைகின்றன. அக்காலத்தில் வரைந்ததைப் புகைப்படமெடுத்து, உலோகத் தகட்டில் பிளாக் எனும் அச்சுக்கட்டை செய்து, மலிவான தாளில் அச்சிட்டதால், மெல்லிய கோடுகள் தடித்தும் அறுந்தும் வாசகரிடம் வந்தன. மூலப்படம் கிடைக்குமானால் கேமரா அதன் அருகே சென்று நிதானமாக நிற்க வேண்டும். அதேபோல, நம்மிடையே இருக்கும் மூத்த ஓவியர்களை, அவர்கள் பேசும்போது மட்டுமல்லாமல் வரையும்போதும் இப்போதே படம்பிடித்துவிட வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

வேலூரில் நான் ஓவியம் கற்பிக்கும் வகுப்பில், பாட்டியின் பைண்டிலிருந்து ஒரு பக்கத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்து முடித்த பிறகும் ஒரு மாணவி சுவரருகே சென்று, ஒரு கோட்டின் மீது விரலை மெல்ல நகர்த்திப் பார்த்தாள். “சார், இதை எந்தப் பக்கத்திலிருந்து இழுத்திருப்பாரு?” என்று கேட்டாள். அவர் கை நகர்வதைக் காட்ட என்னிடம் ஒரு நிமிடப் படம்கூட இல்லை.