ஹாகோடாதே போக ரயிலா, விமானமா? அம்மா அப்பாவோட போட்ட கணக்கு

வணக்கம் மக்களே. இன்னிக்கு குரலைத் தணிச்சுத்தான் பேசப் போறேன், ஹெட்ஃபோன் இருந்தா மாட்டிக்கோங்க. பக்கத்து அறையில அம்மாவும் அப்பாவும் தூங்குறாங்க. இது ஹாகோடாதே. ஹொக்கைடோ தீவோட தெக்கு முனையில இருக்கிற துறைமுக ஊர். நாங்க தங்கியிருக்கிறது யுனோகாவாங்கிற வெந்நீர் ஊற்றுப் பகுதியில. ஜன்னலுக்கு வெளியே சாயந்திரத்துலேந்து பனி விழுந்துக்கிட்டே இருக்கு, பாருங்க. கேமராவுல தெரியுதா? அந்த தெருவிளக்குக்குக் கீழ பாருங்க, அங்க நல்லாத் தெரியும்.

அம்மா அப்பா திருச்சியிலேந்து ஒரு மாசத்துக்கு வந்திருக்காங்க. நான் இருக்கிறது டோக்கியோவுல நிஷி-கசாய். நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் இருக்கிற இடம், என் சேனலைப் பாக்கிறவங்களுக்குத் தெரியும். அங்கேந்து ஹாகோடாதேவுக்கு எப்படிப் போறதுன்னு ரெண்டு வாரம் வீட்டுல ஒரே பேச்சு. விமானமா, ஷின்கான்சென்ங்கிற அதிவேக ரயிலா? அதைத்தான் இன்னிக்கு சொல்லப் போறேன்.

முதல்ல ஒரு விஷயம். ஜப்பான்ல இதுக்கு ஒரு சொல்லே இருக்கு. "யோஜிகான் நோ காபே", அதாவது நாலு மணி நேரச் சுவர். ரயில்ல நாலு மணி நேரத்துக்குள்ள போயிடலாம்னா ஜனங்க ரயில் ஏறுவாங்க, அதைத் தாண்டினா விமானத்துக்குப் போயிடுவாங்கன்னு ஒரு கணக்கு. கனசாவாவை எடுத்துக்கோங்க. 2015 மார்ச்சுல ஷின்கான்சென் வந்து பயணம் ரெண்டரை மணி நேரமானதும், பக்கத்து கொமாட்சு விமான நிலையத்துக்கு டோக்கியோவோட ஹனேதா விமான நிலையத்துலேந்து வர்ற விமானங்களைக் குறைச்சுட்டாங்க. ஃபுகுவோகாவுக்கு ரயில்ல அஞ்சு மணி நேரம் ஆகும், விமான நிலையத்துலேந்து சப்வேயில ரெண்டே ஸ்டேஷன்ல ஹகாதா, அதாவது ஊரோட முக்கிய ரயில் நிலையம். அங்க ரயில் எப்படி ஜெயிக்கும்? இது ரெண்டும் சுலபமான கேள்வி. யோசிக்க வேண்டியது சுவர் மேலயே உட்கார்ந்திருக்கிற ஊர்களுக்குத்தான். ஹிரோஷிமா அப்படி ஒண்ணு, ஹாகோடாதே இன்னொண்ணு. ரெண்டுமே டோக்கியோவுலேந்து ரயில்ல நாலு மணி நேரத்தை ஒட்டி. ரெண்டுக்குமே விமானத்துல ஒண்ணே கால், ஒண்ணரை மணி நேரம். ஆனா பதில் ஒண்ணு இல்ல.

ஏன்னா ஹிரோஷிமா விமான நிலையம் ஹிரோஷிமாவுல இல்ல. மிஹாரா பக்கம் மலை மேல இருக்கு. ஊருக்குள்ள வர பஸ்ல முக்கால் மணி நேரத்துக்கு மேல. ரயிலோ நேரா ஊருக்குள்ளயே கொண்டுபோய் இறக்கும். வீட்டு வாசல்லேந்து கணக்குப் போட்டா ரெண்டும் ஏறக்குறைய சமம். அதனாலதான் அங்க ரயில்ல போறவங்க அதிகம்.

ஹாகோடாதேயில இது அப்படியே தலைகீழ். ஷின்கான்சென் ஸ்டேஷன் ஹாகோடாதேவுல இல்ல! பக்கத்து ஹொக்குதோ நகரத்துல, 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. பேரே "ஷின்-ஹாகோடாதே-ஹொக்குதோ". ரெண்டு ஊரும் பேருக்காக மல்லுக்கட்டி, கடைசியில ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சாங்க. ஷின்கான்சென் ரயிலை ஹாகோடாதே ஸ்டேஷனுக்குள்ளயே கொண்டு வரணுங்கிறது 2023 மேயர் தேர்தல்ல பெரிய வாக்குறுதியா இருந்துச்சு. இன்னும் வரல. ஆனா விமான நிலையம்? இந்த யுனோகாவாவுலேந்து டாக்ஸியில பத்து நிமிஷம் கூட ஆகாது. ஹாகோடாதே ஸ்டேஷனுக்கே பஸ்ல இருபது நிமிஷம்தான்.

சரி, எங்க கணக்கு. நிஷி-கசாய்ல காலை ஏழு மணிக்கு கிளம்புறோம்னு வெச்சுக்கோங்க. விமானம்னா எட்டு மணிக்கு ஹனேதா. உள்நாட்டு விமானத்துக்குப் பறக்கிறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியிருந்தா போதும், ஆனா பெரியவங்களோட போறப்ப ஒரு மணி நேரம் வேணும். ஒன்பது மணிக்குப் பறந்தா பத்து இருபதுக்கு இறங்கலாம். பெட்டி வந்து, டாக்ஸி ஏறி, பதினொரு மணிக்கு ஹோட்டல் வாசல். மொத்தம் நாலு மணி நேரம். ரயில்னா டோக்கியோ ஸ்டேஷன் போய், எட்டு மணியை ஒட்டி ஹயாபுசாங்கிற ஷின்கான்சென் வண்டியைப் பிடிச்சு, பன்னிரண்டரை வாக்குல ஷின்-ஹாகோடாதே-ஹொக்குதோ. அங்கேந்து ஹாகோடாதே லைனர்ங்கிற சின்ன ரயில் இருபது நிமிஷம். அப்புறம் டாக்ஸி. ஹோட்டலுக்கு ஒண்ணரை மணி. ஆறரை மணி நேரம். ரெண்டரை மணி நேர வித்தியாசம், அது எங்கேயும் கரையல.

காசும் அப்படித்தான். ரயில் டிக்கெட் ஒரு வழிக்கு ஏறக்குறைய 23,000 யென். இணையத்துல முன்கூட்டி எடுத்தா கொஞ்சம் தள்ளுபடி உண்டு, ஆனா சீட்டு சீக்கிரம் தீர்ந்துடும். விமானத்துல முழுக் கட்டணம் 30,000 யென்னைத் தாண்டும். ரெண்டு மாசம் முன்னாடி எடுத்ததால எனக்கு ஆளுக்கு 13,000 யென்னுக்குக் கிடைச்சுது. சுற்றுலா விசாவுல வர்றவங்களுக்கு ஜப்பான் ரயில் பாஸ் இருக்கு, ஏழு நாளுக்கு 50,000 யென். 2023 அக்டோபர்ல கிட்டத்தட்ட 30,000லேந்து ஒரேயடியா ஏத்திட்டாங்க. ஹாகோடாதே போய் வர்ற டிக்கெட்டே அந்த 50,000க்குக் கிட்ட வந்துடும். அதனால அதே வாரத்துல இன்னொரு நீளப் பயணம் இருந்தா மட்டும் பாஸ் எடுங்க. என்னை மாதிரி இங்க குடியிருக்கிறவங்களுக்கு அது கிடையாது.

இப்ப நீங்க கேப்பீங்க, இவ்வளவு தெளிவா விமானம் ஜெயிக்குதே, அப்புறம் ஏன் ரயில்ல வந்தேன்னு. ரெண்டு காரணம்.

ஒண்ணு, பனி. போன வருஷம் ஜனவரியில நான் தனியா இங்க வர்றதுக்கு விமானம் ஏறினேன். ஹனேதாவுல வானம் பளிச்சுனு நீலமா இருக்கு. ஆனா போர்டுல ஹாகோடாதே பேருக்குப் பக்கத்துல "ஜோக்கென்சுகி"ன்னு போட்டிருந்தாங்க. நிபந்தனையோட பறக்குதுன்னு அர்த்தம். அதாவது, போய்ப் பாப்போம், இறங்க முடியலைன்னா திரும்பிடுவோம், இல்லைன்னா வேற ஊர்ல இறக்குவோம். ஹாகோடாதே மேல முக்கால் மணி நேரம் சுத்தினோம். ஜன்னல்ல வெள்ளையைத் தவிர ஒண்ணும் தெரியல. அப்புறம் பைலட் மெதுவா மன்னிப்பு கேட்டுட்டு ஹனேதாவுக்கே திருப்பிட்டார். டிக்கெட் காசு வந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரி ஹோட்டல் காசு வரல. எனக்குப் பக்கத்துல ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாங்க, பேரனோட பள்ளிக்கூட விழாவுக்குப் போறவங்க. விமானம் திரும்பின பிறகு அந்தப் பாட்டி மடியில இருந்த பரிசுப் பொட்டலத்தோட ரிப்பனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கிட்டே வந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. அம்மா அப்பாவை அப்படி ஒரு நாள்ல மாட்டிவிட எனக்கு மனசு வரல. பனியில ரயிலும் தாமதமாகும், இல்லைன்னு சொல்லல. ஆனா அது பாதி வழியில கிளம்பின இடத்துக்குத் திரும்பினதை நான் பாத்ததில்ல.

ரெண்டாவது காரணம் அப்பா. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல 31 வருஷம் வேலை பாத்தவர். கடலுக்கு அடியில ஹொக்கைடோவுக்குப் போற செய்கான் ரயில் சுரங்கத்துல போகணும்னு எனக்கு இங்க வேலை கிடைச்ச நாள்லேந்து சொல்லிக்கிட்டு இருக்கார். மொத்தம் 53.85 கிலோமீட்டர். அதுல 23.3 கிலோமீட்டர் கடலுக்கு அடியில. ஆழமான இடம் கடல் மட்டத்துலேந்து 240 மீட்டர் கீழ. 1988 மார்ச் 13ல திறந்தாங்க.

வண்டி உட்சுனோமியா தாண்டி மோரியோகா வரைக்கும் 320 கிலோமீட்டர் வேகம். மோரியோகாவுல, எங்க வண்டியோட சேர்த்து மாட்டியிருந்த சிவப்பு கலர் கொமாச்சி ரயில் கழன்று அகிதா பக்கம் போயிடும். அம்மா புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. அம்மா சுத்த சைவம், ஸ்டேஷன்ல விக்கிற பெந்தோவுல, அதாவது சாப்பாட்டுப் பொட்டலத்துல, மீன் சாறு இல்லாததைத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம். முன்னாடி இருக்கிற தட்டை இறக்கி வெச்சு, நிதானமா சாப்பிட்டு, எழுந்து நடந்து முட்டியை நீட்டி மடக்கினாங்க. அம்மாவுக்கு முட்டிவலி. விமானம்னா நேரம் கம்மி, ஆனா நிக்கிறது, நடக்கிறது, மறுபடி நிக்கிறது. ரயில்ல ஒரு தடவை உட்கார்ந்தா நாலு மணி நேரம் அது நம்ம இடம். இது எந்தக் கால அட்டவணையிலயும் இருக்காது.

ஒகுட்சுகாரு-இமாபெட்சு ஸ்டேஷன் தாண்டினதும் சின்னச் சின்ன சுரங்கமா வரும். ஒவ்வொண்ணுக்கும் அப்பா "இதுவா பாப்பா? இதுவா?"ன்னு கேட்டார். இல்லப்பா, இல்லப்பான்னு சொல்லிக்கிட்டே வந்தேன். உண்மையானது வந்தப்ப சொல்லவே வேண்டியிருக்கல. ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் சட்டுனு வேர்த்துப் போச்சு. உள்ள வருஷம் முழுக்க 20 டிகிரியை ஒட்டி, ஈரக் காத்து. பனியில சில்லிட்டு வந்த கண்ணாடி மேல அது படிஞ்சதும் வெள்ளையாயிடுது. அப்பா உள்ளங்கையை கண்ணாடியில வெச்சுக்கிட்டார். சத்தமும் மாறும், கம்முனு ஒரு ரீங்காரம். வேகமும் குறையும், அதையும் அப்பாதான் முதல்ல கண்டுபிடிச்சார்.

ஏன் குறையுதுன்னா, அந்தச் சுரங்கம் ஷின்கான்செனுக்கு மட்டும் இல்ல. ஹொக்கைடோவுல விளையிற உருளைக்கிழங்கும் வெங்காயமும் அதே வழியாத்தான் சரக்கு ரயில்ல பெரிய தீவுக்குப் போகுது. கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி, சரக்கு வண்டிக்கு 1,067 மில்லிமீட்டர், ஷின்கான்செனுக்கு 1,435. அதனால உள்ள மூணு தண்டவாளம். எதிர்ல வர்ற சரக்கு வண்டியை முழு வேகத்துல தாண்டினா காத்து அடிச்சு கன்டெய்னர் ஆடிடும்னு, ஷின்கான்சென் அங்க சாதாரண நாள்ல 160 தாண்டாது. அந்த நாலு மணி நேரம் இன்னும் குறையாம நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். மூணு தண்டவாளம்னு சொன்னதும் அப்பா முகத்தைப் பாக்கணுமே! மீட்டர் கேஜும் பிராட் கேஜும் கூடவே பாத்து வளர்ந்த மனுஷன்.

வெளிய வந்ததும் நான் தோயா மாரு கதையைச் சொன்னேன். 1954 செப்டம்பர் 26, புயல்ல இந்த ஜலசந்தியைக் கடக்கக் கிளம்பின, ரயில் பெட்டிகளையே ஏத்திக்கிட்டுப் போற ஃபெரி கப்பல் ஹாகோடாதேவுக்குப் பக்கத்துலயே கவிழ்ந்து 1,155 பேர் போயிட்டாங்க. கடலுக்கு அடியிலயே பாதை வேணுங்கிற பேச்சுக்கு அது பெரிய உந்துதல். கட்டுறப்ப 34 தொழிலாளர்களும் இறந்தாங்க. அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நமக்கு அறுபத்திநாலு, தனுஷ்கோடி"ன்னார். அவ்வளவுதான். கிகோனாய் தாண்டினதும் வலது பக்கம் ஹாகோடாதே மலை கடல்ல தனியா நின்னுச்சு. சீட் எடுக்கிறவங்க குறிச்சுக்கோங்க: போகும்போது ஏ சீட்டுன்னா கடல், ஈ சீட்டுன்னா இவாதே மலை. நான் ஏ, பி, சி மூணும் எடுத்தேன், அப்பாவுக்கு ஜன்னல்.

இறங்கின பிளாட்ஃபார்ம்லேந்து ஹாகோடாதே லைனருக்குப் படியே ஏற வேண்டாம், ஒரே மட்டம். பெட்டியை இழுத்துக்கிட்டு அம்மா தானே நடந்து வந்துட்டாங்க.

திரும்பிப் போறது மட்டும் விமானம். நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்கு. விமான நிலையம் இவ்வளவு பக்கத்துல இருக்கிறப்ப மறுபடி ஆறரை மணி நேரம் அம்மாவை உட்கார வைக்க வேண்டாம். ரத்து ஆனாலும் நாங்க இருக்கிறது ஹோட்டல் இருக்கிற ஊர்ல, நடுவானத்துல இல்ல. மறுநாள் ரயிலும் இருக்கு. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: குளிர்காலத்துல உங்க விமானத்தை மட்டும் பாத்தா போதாது. அதே விமானம் முதல்ல ஹனேதாவுலேந்து கிளம்பி இங்க வந்து இறங்கணும். அது எங்க இருக்குன்னு பாருங்க. தண்ணி பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம், உள்நாட்டு விமானத்துல சோதனை பண்ணி உள்ள விட்டுடுவாங்க.

நாளைக்குக் காலையில தாவரப் பூங்காவுல வெந்நீர்ல உட்கார்ந்திருக்கிற குரங்குகளை அம்மாவுக்குக் காட்டணும், அது டிசம்பர்லேந்து மே மாச ஆரம்பம் வரைக்கும்தான். அப்பாவுக்கு ஹாகோடாதே ஸ்டேஷன் பக்கத்துல நிக்கிற மாஷூ மாரு கப்பல், பழைய ஃபெரி. சுரங்கம் திறந்த அன்னிக்கே அந்த ஃபெரி சேவையை நிறுத்திட்டாங்க. ரெண்டும் ஒரே காலையில முடியுமான்னு டிராம் நேரத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

இருங்க, இன்னொரு தடவை பாத்துடறேன்... நாளை மதியத்துக்கு இப்ப வரைக்கும் "ஜோக்கென்சுகி"ன்னு எதுவும் போடல. பனி இன்னும் விழுதுதான். நான் அலாரம் அஞ்சரைக்கு வெச்சுட்டுப் படுக்கிறேன்.