வால்பாறை ரோட்டை அம்மாவுக்குக் காட்ட ஒரு பட்ஜெட் ஆக்‌ஷன் கேமரா: முழு சோதனை

[காட்சி: ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி மலை ரோடு. படம் நெளிகிறது.]

இந்தப் படத்தை ஒரு நிமிஷம் பாருங்க. ரோடு ரப்பர் மாதிரி நெளியுது, ஓரத்துல இருக்குற தடுப்புச் சுவர் அலை அலையா ஆடுது. இது மொத நாள் எடுத்தது.

[காட்சி: அதே வளைவு. படம் நிதானமாக ஓடுகிறது.]

இது ஒரு வாரம் கழிச்சு எடுத்தது. அதே பைக், அதே கேமரா, அதே வளைவு. மாட்டுன இடத்தையும் நாலஞ்சு செட்டிங்கையும் மட்டும்தான் மாத்தினேன். அதைத்தான் இந்த வீடியோவுல விளக்கமா சொல்லப் போறேன்.

ஹெல்மெட்லயோ பைக்லயோ மாட்டி ஓடிக்கிட்டே எடுக்குற சின்ன கேமராதான் ஆக்‌ஷன் கேமரா. நான் இதை வாங்குனதுக்கு ஒரு காரணம் இருக்குங்க. எங்க அம்மா பொறந்து வளர்ந்தது வால்பாறை எஸ்டேட் லயன் வீட்டுல. கல்யாணம் ஆகி பொள்ளாச்சி வந்தவங்களுக்கு இப்ப அந்த மலை ஏற முடியாது. நாப்பது கொண்டை ஊசி வளைவு. நாலாவது வளைவுலயே வாந்தி வந்துரும். பல வருஷமா அவங்க அந்த ரோட்டைப் பாக்கல. சரி, ரோட்டையே வீட்டுக்குக் கொண்டு வந்துரலாம்னு நெனச்சேன். அதனால எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு: டிவியில போட்டா தலை சுத்தாம பாக்குற மாதிரி ஒரு படம். அம்மாவோட தலை சுத்தல்தான் எனக்கு அளவுகோல்.

[காட்சி: மேஜை மேல் கேமரா, அதன் பெட்டி.]

ஆறாயிரம் ரூபாய்க்குள்ள வர்ற எந்த கேமரா பெட்டியை எடுத்தாலும் பெருசா எழுதியிருக்குறது 4கே. ஒரு 4கே படத்துல சுமார் 83 லட்சம் புள்ளி, அதாவது பிக்சல், இருக்கணும். 1080ன்னு சொல்ற ஃபுல் ஹெச்டி படத்துல சுமார் 21 லட்சம். விலை கம்மியான பல கேமராவுல சென்சார் அவ்வளவு புள்ளியை உண்மையில வாங்குறதில்ல. கம்மியா வாங்கி, உள்ள இருக்குற சிப் அதை இழுத்துப் பெருசாக்கி 4கேன்னு எழுதி வெக்குது. கோப்பு மட்டும் பெருசாகும், விவரம் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க சுவத்துல மாட்டியிருக்குற தினசரி காலண்டர் போதும். தேதிக்குக் கீழ ராகு காலம், எமகண்டம், நட்சத்திரம்னு பொடி எழுத்து இருக்கும்ல, அதுக்கு ஒரு மீட்டர் தள்ளி கேமராவை வைங்க. 1080ல ஒரு தடவை, 4கேல ஒரு தடவை எடுங்க. ரெண்டையும் டிவியில போட்டு அந்த எழுத்தைப் படிச்சுப் பாருங்க. 4கேல ஒரு எழுத்து கூட அதிகமாத் தெரியலைன்னா அது இழுத்துப் பெருசாக்குன 4கே. என் கேமராவுல அப்படித்தான் இருந்துச்சு. அதுல எனக்கு வருத்தம் இல்ல, ஏன்னா நான் ஓட்டப் போறது 1080, நொடிக்கு 60 படம். திருப்பி அனுப்ப நாள் இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செஞ்சுருங்க.

பெட்டியில நீங்க தேட வேண்டிய வார்த்தை ஈஐஎஸ். அதிர்வைக் குறைக்கிற வசதி. உள்ள இருக்குற கைரோ சென்சார் கேமரா எந்தப் பக்கம் ஆடுதுன்னு சொல்லும். சிப் படத்தோட ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, மிச்சத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தி ஆட்டத்தைச் சமன் பண்ணும். ஓரம் வெட்டுறதால 170 டிகிரின்னு போட்டிருந்தாலும் கிடைக்கிற அகலம் அதைவிடக் குறையும், அது இயல்பு. நீங்க கவனிக்க வேண்டியது வேற. நெறைய பட்ஜெட் கேமராவுல 4கேக்குப் போனா ஈஐஎஸ் தானா அணைஞ்சுரும். மெனுவுல அந்தப் பட்டன் மங்கலாத் தெரியும். 1080 போதும்னு நான் சொல்றதுக்கு இதுதான் பெரிய காரணம்.

[காட்சி: ஹேண்டில்பாரில் கேமரா. பின்னணியில் என்ஜின் சத்தம்.]

இப்ப அந்த நெளிச்சலுக்கு வருவோம், ஏன்னா நெறைய பேர் இதைப் பாத்துட்டு கேமரா கெட்டதுன்னு முடிவு பண்ணிர்றாங்க.

சென்சார் முழுப் படத்தையும் ஒரே சமயத்துல எடுக்கிறதில்ல. மேல இருந்து கீழ வரிசை வரிசையாப் படிக்கும். மேல் வரி படிச்சு கீழ் வரிக்கு வர்றதுக்குள்ள கேமரா கொஞ்சம் நகந்துட்டா, படம் சாஞ்சு போகும். ஒத்தை சிலிண்டர் என்ஜின் ஹேண்டில்பாரை வேகமா உதறுது. ஒவ்வொரு உதறலும் படத்துல ஒரு அலையா விழுது. ஈஐஎஸ் குழியில குதிக்கிற மாதிரி பெரிய ஆட்டத்தைத்தான் சமாளிக்கும். இந்தப் பொடி நடுக்கம் அதோட வேகத்துக்கு மேல. மேட்டுல ரெண்டாவது கியர்ல முறுக்கி ஏத்துனா இன்னும் மோசம். கண்ணாடிக் கம்பியில மாட்டுனா அதைவிட மோசம்.

ஹேண்டில்லதான் வெப்பேன்னு இருந்தா, கிளாம்ப்புக்கு அடியில பஞ்சர் கடையில கிடைக்கிற பழைய டியூபை ரெண்டு சுத்து சுத்துங்க. கேமராவைத் தாங்குற கையை எவ்வளவு குட்டையா வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையா வைங்க. நெளிச்சல் குறையும், முழுசா போகாது.

முழுசா போகணும்னா கேமரா உங்க உடம்புல இருக்கணும். உங்க இடுப்பு, முதுகு, கழுத்து எல்லாம் சேர்ந்து அதிர்வை விழுங்கிரும். எந்த ரப்பரும் இவ்வளவு நல்லா விழுங்காது. நெஞ்சுல மாட்டுற பெல்ட்ல டேங்க், கை, மீட்டர் எல்லாம் தெரியும், பைக் ஓட்டுற உணர்வு வரும். ஆனா கொண்டை ஊசியில நாம தலையைத் திருப்பி வளைவோட முடிவைப் பாப்போம், நெஞ்சு நேரா இருக்கும். படத்துல வளைவே தெரியாது, எதிர்ல இருக்குற சுவர்தான் தெரியும். வால்பாறை ரோட்டுக்கு அது ஆகல.

[காட்சி: ஹெல்மெட், தாடைப் பகுதியில் மவுண்ட்.]

ஹெல்மெட் தாடைதான் என்னோட இடம். கண்ணு எங்க போகுதோ படமும் அங்க போகும். கேமராவைப் பிடிக்கிற மவுண்ட்ல ரெண்டு வகை. பெல்ட் மாதிரி சுத்திக் கட்டுறது ஒண்ணு, ஒட்டுறது ஒண்ணு. கட்டுற வகை மலிவு, எடுத்து வேற ஹெல்மெட்ல போடலாம். ஆனா சில ஹெல்மெட்ல அந்தப் பட்டை வைசர் மூடுறதைத் தடுக்கும். மாட்டுன உடனே வைசரை பத்து தடவை திறந்து மூடிப் பாருங்க. கீழ்ப்பார்வை மறையுதான்னும் பாருங்க. மறைஞ்சா வேண்டாம்.

ஒட்டுறதுல நான் ஒரு தப்புப் பண்ணினேன். ஒட்டின அரை மணி நேரத்துல கிளம்பிட்டேன். மூணாவது வளைவுல மவுண்ட் கழண்டு தொங்குச்சு. ஒரு நைலான் கயித்தைக் காத்துத் துவாரத்துல கட்டியிருந்ததால கேமரா தப்பிச்சுது. இந்த விஹெச்பி வகை டேப், அதாவது ரெண்டு பக்கமும் ஒட்டுற பலமான டேப், ஒட்டின இருவது நிமிஷத்துல பாதி பலம்தான் பிடிக்கும். 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம். முழு பலத்துக்கு மூணு நாள். அதனால சோப்புத் தண்ணியில துடைச்சு, நல்லா காய வெச்சு, அழுத்தி ஒட்டி, மறுநாள் கிளம்புங்க. பெயின்ட் தின்னர், பெட்ரோல் எதுலயும் ஹெல்மெட்டைத் துடைக்காதீங்க, ஓடு பலவீனமாயிரும். ஸ்க்ரூ போட ஓட்டை போடவே கூடாது. விழுந்தா கேமரா பிச்சுக்கிட்டுப் போகணும், தலையோட நிக்கக் கூடாது. அந்தக் கயிறும் மெல்லிசா, இழுத்தா அறுந்து போற மாதிரிதான் இருக்கணும்.

இன்னொண்ணு. ஆழியாறுல ஏறி, வால்பாறை தாண்டி மளுக்கப்பாறை வழியா அதிரப்பள்ளி இறங்குறவங்க நெறைய பேர் இருக்கீங்க. ஹெல்மெட்ல கேமரா மாட்டுறதை எதிர்த்து கேரள மோட்டார் வாகனத் துறை எச்சரிச்சிருக்கு. எல்லைக்கு முன்னாடி கழட்டி நெஞ்சு பெல்ட்டுக்கு மாத்திக்குங்க.

[காட்சி: மெமரி கார்டு, பேட்டரி.]

கார்டு விஷயத்தை வேகமா சொல்லிர்றேன். கேமரா நொடிக்கு 60 மெகாபிட் எழுதுதுன்னு வெச்சுக்குவோம். எட்டால வகுத்தா ஏழரை மெகாபைட். 64 ஜிபி கார்டுல சுமார் ரெண்டு மணி இருவது நிமிஷம். கணக்குப்படி கிளாஸ் 10 கார்டே தாங்கணும், ஆனா சூட்டுல, கார்டு நிரம்புறப்ப வேகம் விழும். வி30 எழுதியிருக்குறதை வாங்குங்க, அது குறைஞ்சது நொடிக்கு 30 மெகாபைட் எழுதும். சில கேமராவுல 4 ஜிபி ஆனதும் கோப்பு வெட்டி அடுத்தது ஆரம்பிக்கும், ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு துண்டு. அது கோளாறு இல்ல.

1050 மில்லி ஆம்பியர் பேட்டரி எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வரல. பொள்ளாச்சியில இருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். அதனால ஆழியாறுலதான் ஆன் பண்ணேன், அட்டகட்டியில ரெண்டாவது பேட்டரி போட்டேன்.

சத்தம் பத்தி சொல்லணும். கூட வர்ற வாட்டர்ப்ரூஃப் பெட்டிக்குள்ள போட்டா எல்லாம் கெணத்துக்குள்ள பேசுற மாதிரி கேக்கும். பெட்டி இல்லாம போனா காத்து மட்டும்தான் கேக்கும். என் கேமராவுல மைக் சொருக இடம் இல்ல. சின்ன காலர் மைக்கை ஸ்பாஞ்ச் போட்டு ஹெல்மெட் தாடைக்கு உள்பக்கம் வெச்சு, ஒயரை ஜாக்கெட் பாக்கெட்ல இருக்குற போனுக்குக் கொண்டு போய் அதுல பதிவு பண்ணேன். கிளம்புறதுக்கு முன்னாடி கேமரா எதிர்ல ஒரு தடவை கை தட்டுங்க. எடிட் பண்ணும்போது அந்தத் தட்டலை வெச்சு ரெண்டையும் சேத்துக்கலாம்.

செட்டிங்ல, எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை, மைனஸ் 0.5ல வைங்க, இல்லைன்னா வானம் வெள்ளைத் துணியாயிரும். நிறத்தைச் சரி பண்ற ஒயிட் பேலன்ஸை மெனுவுல 'வெயில்'ங்கிற தேர்வுல நிறுத்திருங்க. தானா விட்டா மர நிழலுக்குள்ள போகும்போதெல்லாம் தேயிலை ஒரு தடவை நீலம், ஒரு தடவை மஞ்சள்னு மாறும். சாயங்காலம் அஞ்சரை மணிக்கு மேல எடுக்காதீங்க. வெளிச்சம் கம்மியானா ஒவ்வொரு படமும் மங்கலாப் பதியும், ஈஐஎஸ் அந்த மங்கலை நேராக்காது. மழைன்னு பெட்டி போட்டா உள்ள பனி பிடிக்கும், செருப்பு டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போட்டா போதும்.

ஓட்டும்போது பட்டனைத் தொடாதீங்க. குறுகலான இடத்துல மேல ஏறி வர்ற வண்டிக்கு, இறங்குறவங்க வழி விடணும். இது ஆனைமலை புலிகள் காப்பகம். சுவர் மேல வரையாடு நின்னா நிறுத்தி நெருங்காதீங்க, மெதுவாக் கடந்து போங்க, கேமரா தானா எடுத்துரும்.

[காட்சி: ஒன்பதாவது வளைவு. கீழே ஆழியாறு அணை.]

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிவியில போட்டேன். அம்மா முந்தானையைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க, வாந்தி வந்தா துடைக்கன்னு. ஒன்பதாவது வளைவு வந்துச்சு, இருவது வந்துச்சு, ஒண்ணும் ஆகல. அட்டகட்டி தாண்டி தேயிலை ஆரம்பிச்ச எடத்துல "கண்ணு, கொஞ்சம் பின்னாடி போ"ன்னாங்க. போனேன். ரோட்டோரம் ஒரு மரம், அடியில ஒரு கல்லு.

"இங்கதான் எங்கப்பா பஸ்ஸுக்கு நிப்பாரு."

அந்த எடத்தை அவங்க நாலு தடவை பாத்தாங்க.